எண் மாறாமல் செல்போன் நிறுவனம் மாறுதல்

உழவுத் தொழிலுக்கு இன்று வேண்டிய கருவிகளுள் செல்போனும் ஒன்றாகிவிட்டது. மழை அறிவிப்பு, சந்தை விலை, வங்கிக் கணக்கு விவரம், அரசு உதவித் தொகை பற்றிய செய்தி ஆகியவை அதன் வழியாகவே நம்மை வந்தடைகின்றன. விதையையும் உரத்தையும் நான்கு கடைகளில் விசாரித்து வாங்கும் நாம், செல்போன் சேவையை மட்டும் அவ்வாறு விசாரிப்பதில்லை. வயலில் சிக்னல் கிடைக்காவிட்டாலும், ரீசார்ஜ் கட்டணம் ஏறிக்கொண்டே போனாலும், எண் மாறிவிடுமே என்ற அச்சத்தால் பழைய நிறுவனத்திலேயே இருந்துவிடுகிறோம்.

இந்த அச்சம் தேவையில்லை. எண்ணை மாற்றிக்கொள்ளாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி நம் நாடு முழுவதும் 2011 முதல் நடைமுறையில் உள்ளது. இதையே பேச்சு வழக்கில் 'போர்ட் செய்வது' என்கிறோம். ஆனால் அவசரப்பட்டு மாறினாலும் தொல்லை உண்டு. ஒருமுறை மாறியபின் 90 நாட்களுக்கு வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. 90 நாள் என்பது ஒரு குறுவை நெற்பயிரின் வயதில் பெரும்பகுதி. ஆகவே எப்போது மாறுவது, எப்படி மாறுவது, மாறுமுன் எவற்றைச் சோதிப்பது என்பதை உழவர்கள் அறிந்திருப்பது நல்லது.

எண்ணைக் காப்பது ஏன் முக்கியம்?

செல்போன் எண் இப்போது பேசுவதற்கு மட்டும் பயன்படுவதன்று. பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வருகிறது. அதற்கான அடையாளச் சரிபார்ப்பை இணையத்தில் செய்தால், ஆதாருடன் இணைத்த எண்ணுக்கே ஓ.டி.பி. எனும் ஒருமுறைக் கடவு எண் வரும். வங்கிக் கணக்கில் பணம் ஏறியதும் இறங்கியதும் அந்த எண்ணுக்கே தெரிவிக்கப்படுகின்றன. பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம், உழவன் செயலி, சொட்டு நீர்ப் பாசன மானியம் ஆகிய யாவற்றிலும் அதே எண்ணைத்தான் கொடுத்திருப்போம்.

இந்த எண் கைவிட்டுப் போனால் ஆதாரிலும், வங்கியிலும், காப்பீட்டிலும், ஒவ்வோர் அலுவலகப் பதிவிலும் தனித்தனியே மாற்ற வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தொடர்ந்து 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லாத பிரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். துண்டிக்கப்பட்ட எண் குறைந்தது 90 நாட்கள் சும்மா வைக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்கு வழங்கப்படக்கூடும். நம் வங்கிக் கணக்கில் பழைய எண்ணே பதிவாகியிருந்தால், நமக்கு வர வேண்டிய கடவு எண் முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும். 'வேண்டாத சிம்தானே' என்று பெட்டியில் போட்டுவிடும் பழக்கம் இதனால்தான் தவறானது.

2018ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

ஏர்செல் நிறுவனத்தைத் தமிழ்நாட்டு உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999இல் தமிழ்நாட்டில் சேவையைத் தொடங்கிய அந்நிறுவனம் கிராமங்களில் பரவலாக இருந்தது. கடன் சுமையில் சிக்கிய அது, 2018 பிப்ரவரி இறுதியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதத்தில் பல இடங்களில் டவர்கள் செயலிழந்து, சிக்னல் அறவே நின்றுபோயிற்று. எண்ணைக் காப்பாற்றிக்கொள்ள ஒரே நேரத்தில் பல லட்சம் பேர் வேறு நிறுவனங்களுக்கு முண்டியடித்தனர். மாறுவதற்குரிய குறியீட்டை எஸ்.எம்.எஸ். மூலம் பெற வேண்டும், எஸ்.எம்.எஸ். அனுப்பவோ சிக்னல் இல்லை. கடை வாசல்களில் வரிசை நின்றது. 2018 ஏப்ரல் 15 வரை மாறிக்கொள்ளலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வழி செய்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது ஒன்றுதான். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே மாற வேண்டும். ரீசார்ஜ் காலம் முடிந்து, வெளியே செல்லும் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் நின்று, உள்வரும் அழைப்பும் நின்றபின் மாற முயல்வது, பயிர் வாடியபின் வாய்க்காலைத் தூர் வாரத் தொடங்குவதைப் போன்றது.

எண் மாறாமல் நிறுவனம் மாறுவது எவ்வாறு?

முன்பெல்லாம் எண்ணின் முதல் சில இலக்கங்களைப் பார்த்தே அது எந்த நிறுவனத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம். அழைப்பும் அந்த இலக்கங்களைப் பார்த்தே அந்தந்த நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. இப்போது எந்த எண் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதற்குப் பொதுவான கணினிப் பதிவேடு ஒன்று உள்ளது. ஒருவர் நம் எண்ணை அழைத்தால், அவருடைய நிறுவனம் அப்பதிவேட்டைப் பார்த்து, நாம் இப்போது இருக்கும் நிறுவனத்துக்கு அழைப்பை அனுப்புகிறது. இவையெல்லாம் நொடிப் பொழுதில் நடந்துவிடும்.

நிலம் கைமாறும்போது பட்டா மாறுதல் நடப்பதை இதற்கு ஒப்பிடலாம். புல எண் அப்படியே இருக்கும். பதிவேட்டில் உள்ள பெயர் மட்டும் மாறும். அதேபோல் நம் பத்து இலக்க எண் அப்படியே இருக்கும். பதிவேட்டில் நிறுவனத்தின் பெயர் மட்டும் மாறும். எனவே ஆதார், வங்கி, வாட்ஸ்அப் எதிலும் எண்ணை மீண்டும் பதிய வேண்டியதில்லை.

இந்த வசதி முதலில் 2010 நவம்பர் 25 அன்று அரியானாவில் தொடங்கப்பட்டு, 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் வந்தது. அப்போது ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள் மட்டுமே மாற முடிந்தது. 2015 ஜூலை 3 முதல் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தாலும் அதே எண்ணை வைத்துக்கொண்டு மாறலாம். இப்போதுள்ள விரைவான நடைமுறை 2019 டிசம்பர் 16 முதல் செயல்படுகிறது.

மாறுமுன் வயலில் சோதனை

புதிய நெல் ரகத்தை முதல் ஆண்டிலேயே முழு வயலிலும் நடுவதில்லை. ஒரு மூலையில் சில சென்ட் நட்டுப் பார்க்கிறோம். செல்போன் நிறுவனத்துக்கும் இதுவே முறை. விளம்பரத்தில் சொல்வதோ, நகரத்துக் கடையில் காட்டுவதோ நம் வயலுக்குப் பொருந்தும் என்று கொள்ள முடியாது.

இதற்குக் காரணம் உண்டு. டவரிலிருந்து வரும் வானொலி அலைகள் எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் மரத்தையும் ஓரளவு ஊடுருவும். 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3,300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசைகள் மிகுந்த வேகம் தரும்; ஆனால் எட்டும் தொலைவு குறைவு. அடர்ந்த தென்னந்தோப்பு, இடையிலுள்ள குன்று, தகரம் வேய்ந்த மோட்டார் அறை ஆகியவையும் சிக்னலைக் குறைக்கும். எனவே பஸ் நிறுத்தத்தில் நன்றாகக் கிடைக்கும் நிறுவனம், ஒரு மைல் தள்ளியுள்ள கிணற்றடியில் கிடைக்காமல் போகலாம்.

தமிழ்நாட்டில் ஜியோ, ஏர்டெல், வி, பி.எஸ்.என்.எல். ஆகிய நான்கு நிறுவனங்கள் சேவை தருகின்றன. நாம் மாற எண்ணும் நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் அண்டை வயல்காரரையோ உறவினரையோ உடன் அழைத்துச் சென்று கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

1. இடம்: வீட்டின் உட்புறம், வீட்டு வாசல், மோட்டார் அறை, வயலின் கடைக்கோடி ஆகிய நான்கு இடங்களிலும் பார்க்கவும்.

2. நேரம்: காலை 6 மணி, நண்பகல், இரவு 8 மணி ஆகிய மூன்று வேளைகளிலும் பார்க்கவும். இரவில் பலர் ஒரே டவரைப் பயன்படுத்துவதால் வேகம் குறையும்.

3. முறை: கோடுகளை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஓர் அழைப்பு, ஓர் எஸ்.எம்.எஸ்., ஒரு படம் அனுப்புதல் ஆகிய மூன்றையும் செய்து பார்க்க வேண்டும்.

4. முடிவுகளை ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும். இரண்டு நிறுவனங்களைச் சோதித்தால் வேறுபாடு தானே தெரியும்.

நிறுவனங்கள் தங்கள் சேவை எட்டும் பரப்பை வரைபடமாக இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2024ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. அந்த வரைபடத்தையும் பார்க்கலாம். ஆயினும் வயலில் நின்று பார்ப்பதற்கு அது ஈடாகாது.

பட்டன் போனும் மோட்டார் ஸ்டார்ட்டரும்

இவ்விடத்தில்தான் உழவர்கள் பெரிதும் ஏமாந்துபோகிறார்கள். கிராமப் பயிற்சி ஒன்றில் உழவர் ஒருவர் கூறிய அனுபவத்தை இங்குக் குறிப்பிடுவது பயன் தரும். அவர் வீட்டில் மூன்று சிம்கள். ஒன்று அவருடைய தொடுதிரை போனில்; ஒன்று மனைவியின் பட்டன் போனில்; மற்றொன்று ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாரைத் தொலைவிலிருந்து இயக்கும் ஸ்டார்ட்டரில். கட்டணம் குறைவு என்று மூன்றையும் ஒரே நாளில் வேறு நிறுவனத்துக்கு மாற்றினார். அவருடைய போன் நன்றாக வேலை செய்தது. பட்டன் போன் 'சிக்னல் இல்லை' என்றது. ஸ்டார்ட்டர் எந்த அழைப்பையும் ஏற்கவில்லை. நெல் கதிர் வெளிவரும் சமயம். மும்முனை மின்சாரமோ அவருக்கு இரவில்தான். ஒரு வாரம் டார்ச் விளக்கோடு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட்டிருக்கிறார். பழைய நிறுவனத்துக்குத் திரும்பலாம் என்றால் 90 நாள் தடை.

பழுது எதிலும் இல்லை. அந்தப் பட்டன் போனும் ஸ்டார்ட்டரும் 2ஜி சேவையில் மட்டும் இயங்குபவை. அவர் மாறிய இடத்தில் 2ஜி சேவை கிடையாது. எடுத்துக்காட்டாக, ஜியோ நிறுவனம் தொடக்கத்திலிருந்தே 4ஜி சேவையாக வந்தது. அதில் 2ஜி இல்லை. 2ஜி மட்டும் உள்ள கருவியில் அந்த சிம் வேலை செய்யாது. இது நிறுவனத்தின் குறையும் அன்று, கருவியின் குறையும் அன்று. இரண்டும் பொருந்தாமையே காரணம்.

ஆகவே மாறுமுன் போனின் பெட்டியிலோ கையேட்டிலோ 2ஜியா, 4ஜியா என்று பார்க்க வேண்டும். ஸ்டார்ட்டரை விற்ற கடைக்காரரிடம் அது எந்தச் சேவையில் இயங்கும் என்று கேட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியின் உட்புறத்தில் எழுதி ஒட்டிவிடலாம். 4ஜியில் இயங்கும் ஸ்டார்ட்டர்களும் இப்போது கிடைக்கின்றன.

ஸ்டார்ட்டர் சிம்மைப் பொறுத்தவரை மற்றொன்றும் நினைவில் கொள்ளலாம். அந்த எண் வங்கியோடோ ஆதாரோடோ இணைக்கப்பட்டிராவிட்டால், அதே எண்ணைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. கிணற்றடியில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் நிறுவனத்தின் புதிய சிம்மைப் போட்டு, புதிய எண்ணை வீட்டிலுள்ளவர்களின் போனில் பதிந்தால் போதும். மேற்சொன்ன உழவரும் கடைசியில் இதைத்தான் செய்தார்.

செலவுக் கணக்கு

ரீசார்ஜ் திட்டங்களை மொத்தத் தொகையை வைத்து ஒப்பிடக்கூடாது. ஒரு நாளுக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். 28 நாள் திட்டத்தை மாதத் திட்டம் என்று பலர் எண்ணுகின்றனர். 28 நாளை 13 முறை சேர்த்தால்தான் 364 நாள் ஆகும். அதாவது ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை பணம் கட்டுகிறோம். 84 நாள் திட்டத்தை நான்கு முறை போட்டாலும் 336 நாட்களே ஆகும். மேலும் 29 நாட்களுக்குச் செலவு உண்டு.

கணக்கிடும் முறையை விளக்க, கட்டணங்கள் இவ்வாறு இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

28 நாளுக்கு 199 ரூபாய் என்றால், நாளொன்றுக்கு 7 ரூபாய் 11 காசு.
84 நாளுக்கு 549 ரூபாய் என்றால், நாளொன்றுக்கு 6 ரூபாய் 54 காசு.
365 நாளுக்கு 1,800 ரூபாய் என்றால், நாளொன்றுக்கு 4 ரூபாய் 93 காசு.

முதல் திட்டத்தில் 364 நாட்களுக்கு 2,587 ரூபாய் ஆகிறது. மூன்றாவது திட்டத்தோடு ஒப்பிட்டால் 787 ரூபாய் கூடுதல். ஆனால் ஆண்டுத் திட்டத்தைப் போட்டுவிட்டு இடையில் மாறினால் மீதி நாட்களுக்குப் பணம் திரும்பாது. எனவே சோதித்துத் தெளிந்த நிறுவனத்தில் மட்டும் நீண்ட காலத் திட்டம் போட வேண்டும்.

இணையம் தேவைப்படாத பட்டன் போனுக்கும் ஸ்டார்ட்டருக்கும் இணையத்துடன் கூடிய திட்டம் வீண் செலவு. பேசுவதற்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கும் மட்டுமான தனித் திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் ஆணையிட்டது. அத்தகைய திட்டங்களின் காலம் 365 நாள் வரை இருக்கலாம். கடையில் இதைக் கேட்டு வாங்க வேண்டும். சில சமயம் கட்டண ஏற்றத்துக்குத் தீர்வு நிறுவனத்தை மாற்றுவதன்று, திட்டத்தை மாற்றுவதே என்பது இக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும்.

யார் மாறலாம்?

கீழ்க்காணும் நிபந்தனைகள் நிறைவேறியிருக்க வேண்டும்.

1. இப்போதுள்ள நிறுவனத்தில் 90 நாட்கள் முடிந்திருக்க வேண்டும்.

2. போஸ்ட்பெய்டு இணைப்பாயின், கெடு முடிந்த பில் தொகை எதுவும் பாக்கி இருக்கக்கூடாது. ஒப்பந்தம் ஏதும் செய்திருந்தால் அதன் நிபந்தனைகளை முடித்திருக்க வேண்டும். கட்டிய முன்பணம் இருந்தால் பழைய நிறுவனத்திடம் கேட்டுப் பெறலாம்.

3. சிம்மின் பெயர் மாற்ற விண்ணப்பம் நிலுவையில் இருக்கக்கூடாது.

4. அந்த எண் குறித்து நீதிமன்ற வழக்கோ தடையோ இருக்கக்கூடாது.

5. சிம் தொலைந்தோ பழுதாகியோ மாற்று சிம் வாங்கியிருந்தால், அதன்பின் 7 நாட்கள் கழிய வேண்டும். பிறர் எண்ணைத் திருடும் மோசடியைத் தடுக்க 2024 ஜூலை 1 முதல் இவ்விதி நடைமுறையில் உள்ளது.

6. உற்பத்தியாளர் நிறுவனமோ வேறு நிறுவனமோ தன் பெயரில் மொத்தமாக வாங்கித் தந்த சிம் ஆயின், அந்நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும்.

சிம் யார் பெயரில் உள்ளது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். நம் கையில் இருக்கும் சிம், வெளியூரில் வேலை செய்யும் மகன் பெயரிலோ மருமகன் பெயரிலோ இருக்கலாம். புதிய நிறுவனத்தில் சிம் எந்தப் பெயரில் உள்ளதோ அவரே அடையாளச் சான்றுடன் நேரில் வர வேண்டும். ஆகவே அவர் பண்டிகைக்கு ஊருக்கு வரும் சமயத்தில் முதலில் பெயர் மாற்றத்தை முடித்துக்கொள்வது நல்லது. நம் பெயரில் எத்தனை சிம்கள் உள்ளன என்பதை அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

செய்முறை

முதல் படி: மாற வேண்டிய சிம் உள்ள போனிலிருந்து 1900 என்ற எண்ணுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். ஆங்கில எழுத்தில் 'போர்ட்' (பி, ஓ, ஆர், டி ஆகிய நான்கு எழுத்துகள்) என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, நம் பத்து இலக்க எண்ணை எழுதவும். நாம் போட்டிருக்கும் திட்டத்தில் எஸ்.எம்.எஸ். வசதி இல்லாவிட்டாலும், 1900க்கு அனுப்ப இடம் தர வேண்டும் என்று 2021 டிசம்பரில் டிராய் நிறுவனங்களுக்கு ஆணையிட்டுள்ளது.

இரண்டாம் படி: தகுதி இருந்தால் எட்டு எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஒன்று எஸ்.எம்.எஸ்.ஸாக வரும். இதற்கு யு.பி.சி. என்று பெயர். தகுதி இல்லையேல் காரணம் தெரிவிக்கப்படும். தமிழ்நாட்டில் இக்குறியீடு 4 நாட்களுக்குச் செல்லும். அதற்குள் பயன்படுத்தாவிட்டால் மீண்டும் கேட்டுப் பெற வேண்டும்.

மூன்றாம் படி: ஆதார் போன்ற அடையாளச் சான்றுடன் புதிய நிறுவனத்தின் கடைக்குச் சென்று குறியீட்டைக் கொடுக்கவும். புதிய சிம் தருவார்கள். மாறுவதற்கென ஆணையம் அனுமதித்துள்ள கட்டணம் பத்து ரூபாய்க்கும் குறைவே. கடையில் பெருந்தொகை கேட்டால் அது முதல் ரீசார்ஜ் கட்டணமா என்று கேட்டுத் தெளிந்து, ரசீதும் பெற்றுக்கொள்ளவும்.

நான்காம் படி: ஒரே வட்டத்துக்குள் மாறினால் 3 வேலை நாட்களில் மாறுதல் முடியும். வேறு வட்டத்துக்கு மாறினாலும், நிறுவனப் பெயரிலுள்ள சிம் ஆயினும் 5 வேலை நாட்கள் ஆகும். அதுவரை பழைய சிம் வழக்கம்போல் வேலை செய்யும். மாறும் நாளும் நேரமும் எஸ்.எம்.எஸ்.ஸில் தெரிவிக்கப்படும். அந்நேரத்தில் அதிக அளவாக 4 மணி நேரம் வரை சேவை இராது. பழைய சிம்மில் சிக்னல் நின்றதும் அதைக் கழற்றிவிட்டுப் புதிய சிம்மைப் போட வேண்டும்.

மனம் மாறினால்: விண்ணப்பம் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் 'கேன்சல்' (சி, ஏ, என், சி, இ, எல்) என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, எண்ணையும் சேர்த்து 1900க்கு அனுப்பி நிறுத்திவிடலாம்.

எப்போது மாறுவது?

ரீசார்ஜ் காலம் முடிய ஐந்தாறு நாட்கள் இருக்கும்போது தொடங்குவது மிகப் பொருத்தமானது. முன்னதாகவே மாறினால் மீதியுள்ள நாட்களும் கணக்கிலுள்ள இருப்புத் தொகையும் வீணாகும். அவை புதிய நிறுவனத்துக்கு மாறி வருவதில்லை. கடைசி நாள்வரை காத்திருந்தால், இடையில் ஞாயிறோ விடுமுறையோ வந்து, மாறுதல் முடியுமுன்பே பழைய சிம்மின் காலம் முடிந்துவிடலாம்.

விவசாயப் பணிகளையும் கருத்தில் கொள்ள வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் நெருங்கும்போதும், நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும்போதும், அறுவடை இயந்திரக்காரரின் அழைப்பை எதிர்பார்த்திருக்கும்போதும் மாற வேண்டாம். வேலை ஓய்ந்த வாரமே இதற்கு ஏற்றது. வீட்டில் இரண்டு மூன்று போன்கள் இருந்தால் ஒன்றை மட்டும் முதலில் மாற்றி, ஒரு மாதம் பார்த்தபின் மற்றவற்றை மாற்றலாம். வங்கியோடு இணைந்த எண்ணைக் கடைசியாக மாற்றவும்.

மாறும் நாளிலும் மாறிய பின்னும்

பட்டன் போன் வைத்திருப்போர் பலரும் உறவினர், வியாபாரிகள் ஆகியோரின் எண்களைச் சிம் கார்டிலேயே பதிந்திருப்பார்கள். சிம்மைக் கழற்றுமுன் அவற்றைப் போனுக்கு மாற்ற வேண்டும். அல்லது ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

செல்போன் வழியாகப் பணம் அனுப்பும் யு.பி.ஐ. செயலிகள், புதிய சிம்மைப் போட்டதும் மீண்டும் சரிபார்க்கச் சொல்லும். அதற்குப் போனிலிருந்து ஓர் எஸ்.எம்.எஸ். செல்ல வேண்டும். ஆகவே முதல் ரீசார்ஜில் எஸ்.எம்.எஸ். வசதி உள்ள திட்டத்தைப் போடவும். பாதுகாப்புக்காக முதல் நாளில் அனுப்பும் தொகைக்கு வரம்பு இருப்பதும் உண்டு. டிராக்டர் வாடகை, ஆள் கூலி போன்ற பெரிய தொகைகளை முன்னாளே கொடுத்துவிடலாம். அல்லது ஒரு நாள் தள்ளிக் கொடுக்கலாம்.

எச்சரிக்கை

யு.பி.சி. குறியீடு வீட்டுச் சாவியைப் போன்றது. அதைப் பெற்றவர் நம் எண்ணைத் தம் கைக்கு மாற்றிக்கொள்ள முயலலாம். எண் கைமாறினால் வங்கிக் கடவு எண்ணும் கைமாறும். 'உங்கள் சிம் இன்று மூடப்படும், வந்த குறியீட்டைச் சொல்லுங்கள்' என்று யாராவது போனில் கேட்டால் சொல்லவே கூடாது. நாம் நேரில் சென்ற கடையில் மட்டுமே அதைக் கொடுக்க வேண்டும்.

நாம் கேட்காமலே யு.பி.சி. வந்தாலோ, காரணமின்றிச் சிக்னல் நெடுநேரம் அறவே நின்றாலோ, உடனே நிறுவனத்தின் கடையிலும் வங்கியிலும் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவும். எவ்வளவு விரைவில் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

மாறுதலைக் காரணமின்றி மறுத்தால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளவும். தீராவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

நினைவில் கொள்ள வேண்டியவை

மாறுமுன் நம் வயலில், நம் கருவியில் சோதிக்கவும்.
நாள் கணக்கில் செலவை ஒப்பிடவும்.
ரீசார்ஜ் முடிய ஐந்தாறு நாள் முன்பே தொடங்கவும்.
ஒரு போனை முதலில், வங்கி எண்ணைக் கடைசியில் மாற்றவும்.
யு.பி.சி. குறியீட்டைப் போனில் யாருக்கும் சொல்ல வேண்டாம்.

எண் மாறிவிடும் என்ற அச்சத்தால் மோசமான சேவைக்குக் கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாறிவிட்டார் என்பதற்காக மாற வேண்டியதும் இல்லை. சிக்னல், கருவி, செலவு ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார்த்து, பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே மாறினால், உழவர் பெருமக்கள் தம் எண்ணையும் காத்து, வயலிலும் வீட்டிலும் நல்ல சேவையைப் பெற்றுப் பயனடையலாம்.